நடந்து எழுதிய வரலாறு: ஹிலேர் பெல்லாக்கின் நூல்களுக்குள் ஒரு வழி

காலனிய காலத்தைப் பற்றிய புத்தகங்களில் ஈரடி ஒன்று அடிக்கடி வரும். “என்ன நடந்தாலும் சரி, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி நம்மிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை” என்பது அதன் பொருள். ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்பதால் ஆளாளுக்கு எடுத்தாள்கிறார்கள். யாரோ ஓர் ஏகாதிபத்தியக் கவிஞர் பெருமையோடு எழுதிய வரி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது 1898இல் வெளிவந்த ‘நவீனப் பயணி’ என்ற அங்கதக் கவிதையில் வருகிறது. ஆப்பிரிக்காவுக்குப் பணம் பண்ணப் போன கூட்டத்தில் இருக்கும் கேப்டன் பிளட் என்பவர், சுமைதூக்கிகள் கலகம் செய்யும்போது ஒரு மேட்டின் மேல் நின்று முணுமுணுக்கும் வரி அது. எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக், அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போரை வெளிப்படையாக எதிர்த்தவர்.

பெல்லாக்கை இப்படித் துண்டு துண்டாகத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆங்கிலக் குழந்தைகளுக்கு, ஆயாவின் கையை விட்டு ஓடிச் சிங்கத்துக்கு இரையான ஜிம்மைப் பற்றிப் பாடியவர். பொருளாதாரம் படிப்பவர்களுக்கு ‘அடிமை அரசு’ என்ற சின்னப் புத்தகத்தின் ஆசிரியர். கத்தோலிக்கர்களுக்கு விசுவாசத்தின் படைவீரர். யூத வெறுப்பின் வரலாற்றை எழுதுபவர்களுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய ஒருவர். 150க்கு மேல் புத்தகம் எழுதிய மனிதரிடம் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? எனக்குப் பிடிபட்ட ஒரு வழி இருக்கிறது. எந்த நிலத்தைக் காலால் நடந்து பார்த்தாரோ, எந்த வேலையைக் கையால் செய்து பார்த்தாரோ, அதைப் பற்றி எழுதும்போது அவரை நம்பலாம். முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதிய இடங்களில் சறுக்கியிருக்கிறார். சில இடங்களில் படுமோசமாகச் சறுக்கியிருக்கிறார்.

1870 ஜூலை 27 அன்று, பாரிசுக்குப் பக்கத்தில் லா செல் சான் க்ளூ என்ற ஊரில் பிறந்தார். அப்பா லூயி பிரெஞ்சு வழக்கறிஞர். அம்மா பெஸ்ஸி ரேனர் பார்க்ஸ் இங்கிலாந்துக்காரர், பெண்ணுரிமைக்காகப் பத்திரிகை நடத்தியவர், பிறகு கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர். பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே பிரஷ்யப் படை வந்து வீட்டைச் சூறையாடியது. 1872இல் அப்பா இறந்தார். குடும்பம் இங்கிலாந்துக்குப் போய், தெற்கே சசெக்ஸ் வட்டாரத்தில் தங்கியது. கர்தினால் நியூமன் பர்மிங்காமில் நிறுவிய பள்ளியில் பையன் படித்தான். அப்புறம் கட்டாய ராணுவ சேவைக்காக மறுபடி பிரான்ஸ், தூல் நகரத்தில் பீரங்கிப் படை. திரும்பி வந்து ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் வரலாறு படித்து முதல் வகுப்பில் தேறினார். பல்கலைக்கழகத்தின் பேர்பெற்ற விவாத மன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

இவ்வளவு இருந்தும் ஆக்ஸ்ஃபோர்டில் வேலை கிடைக்கவில்லை. ஆல் சோல்ஸ் கல்லூரி அவரை ஆய்வாளராக எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. தன் மதம்தான் காரணம் என்று சாகும்வரை நம்பினார். அந்தக் காயத்தைப் புரிந்துகொள்ளாமல் அவர் நூல்களைப் புரிந்துகொள்வது கடினம். பல்கலைக்கழகப் பேராசிரியர்களை எங்கே பார்த்தாலும் சீண்டுவார். அடிக்குறிப்பு போட மாட்டார். சான்று கேட்டால் எரிச்சல்படுவார். இன்னொரு விளைவு, மாதச் சம்பளம் இல்லாதவர் பேனாவை நம்பித்தான் ஐந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்று புத்தகங்கள் வந்ததற்கும், அவற்றில் பல அவசரத்தில் வெந்ததும் வேகாததுமாக இருப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

சரி, நல்லதிலிருந்து தொடங்குவோம். 1901இல் பெல்லாக் ஒரு நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டார். தான் பிறந்த ஊரின் கோயிலில், பீடத்துக்குப் பின்னால் இருந்த மாதா சுரூபம் ஒன்றைப் பார்த்த நேரத்தில் மனதில் எழுந்தது. தான் சிப்பாயாக இருந்த தூல் நகரத்திலிருந்து ரோமாபுரி வரை நடந்தே போவது. சக்கரம் வைத்த எதிலும் ஏறுவதில்லை. திறந்த வெளியில் படுப்பது. நாளுக்கு 30 மைல் நடப்பது. தினமும் காலையில் பூசை காண்பது. ஜூன் 29, புனித இராயப்பர் சின்னப்பர் (பேதுரு, பவுல்) திருநாளன்று ரோம் பேராலயத்தில் பாடற்பூசைக்குப் போய் நிற்பது.

இந்தப் பயணத்தின் கதைதான் 1902இல் வந்த ‘தி பாத் டு ரோம்’. தமிழில் ‘ரோமுக்குப் போகும் பாதை’ என்று சொல்லலாம். என் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த புத்தகம். வாக்குறுதிகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. கால் வலிக்கிறது, வண்டியில் ஏறுகிறார். சில காலைகளில் பூசை தவறுகிறது. ரோமுக்கு நேர்கோடு போட்டு அதன்மேலேயே நடப்பது என்று பிடிவாதமாக ஆல்ப்ஸ் மலையில் கிரீஸ் கணவாயை ஏறிக் கடக்கப் பார்க்கிறார். பனிப்புயல் அடிக்கிறது, வழிகாட்டி திரும்பிவிடலாம் என்கிறார், உச்சிக்குப் பக்கத்தில் போய்த் தோற்று இறங்குகிறார். அப்புறம் காசு தீர்ந்துபோய் மிலான் நகரத்துக்கு ரயிலேறுகிறார். ஆனாலும் திருநாளுக்குச் சரியாக ரோம் போய்ச் சேருகிறார். தோல்விகளை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்தப் புத்தகத்தின் உயிர். மலை, ஆற்று வளைவு, கிராமத்து மணிக்கூண்டு என்று அவரே வரைந்த சின்னச் சின்னப் படங்கள் பக்கமெல்லாம் இருக்கின்றன.

அதில் ஓர் இடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் உண்டர்வெலியே என்ற கிராமம். மாலையில் அங்கே போய்ச் சேருகிறார். கோயில் மணி அடிக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு மொத்த ஊரும் மாலைச் செபத்துக்குப் போகிறது. கோயில் நிறைய ஆட்கள், எல்லோருமே சேர்ந்து லத்தீனில் பாடுகிறார்கள். கதவருகே நின்று பார்க்கும் பெல்லாக்குக்கு, வழிப்போக்கனாகத் தான் எவ்வளவு தனியாள் என்பதும், அந்த ஊர் எவ்வளவு ஒன்றுபட்டது என்பதும் ஒரே கணத்தில் உறைக்கிறது. இளமையில் விசுவாசத்தைவிட்டு விலகிப் போவதையும், பின்பு திரும்பி வருவதையும், திரும்பி வருகிறவர்கள் படும் பாட்டையும் பற்றி அங்கே சில பத்திகள் எழுதுகிறார். பிற்காலத்தில் மதத்தைக் காக்க அவர் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒன்றுகூட இதற்கு ஈடாகாது. இங்கே அவர் யாரோடும் வாதாடவில்லை, ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நடப்பது அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை, ஆராய்ச்சி முறையாகவே இருந்தது. வின்செஸ்டரிலிருந்து கேன்டர்பரிக்குப் போகும் பழைய திருப்பயணிகள் பாதையைக் குளிர்காலத்தில் நடந்து தேடினார். எங்கே பாதை சுண்ணாம்புக் குன்றின் தெற்குச் சரிவில் காய்ந்த தரையைப் பிடித்துப் போகிறது, ஆற்றைக் கடக்க எந்தத் துறையைத் தேடுகிறது என்று காலால் கண்டுபிடித்து ‘பழைய சாலை’ என்று 1904இல் நூலாக்கினார். பிரெஞ்சுப் புரட்சிப் போர்களைப் பற்றி எழுதும்போதும் இதே பழக்கம். பீரங்கிப் படையில் இருந்தவர் ஆனதால் ஒரு மேடு, ஒரு சேற்று நிலம், மழையில் சக்கரம் புதையும் ஒரு வண்டிப்பாதை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். முதல் உலகப் போரின்போது ‘லேண்ட் அண்ட் வாட்டர்’ வார இதழில் அவர் எழுதிய போர் விளக்கங்களை மக்கள் காத்திருந்து வாங்கிப் படித்ததும் இந்த அறிவுக்காகத்தான். எதிரியின் உயிரிழப்பை அதில் தாறுமாறாகக் கூட்டிக் கணக்கிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டுரையாளராக அவர் இன்னும் இலகுவானவர். ‘ஒன்றுமில்லாததைப் பற்றி’, ‘எல்லாவற்றையும் பற்றி’, ‘எதையாவது பற்றி’, ‘ஏதோ ஒன்றைப் பற்றி’ என்று வரிசையாகத் தொகுப்புகளுக்குப் பெயர் வைத்து, கடைசியில் பொருளே இல்லாமல் ‘பற்றி’ என்று மட்டும் 1923இல் ஒன்று போட்டார். பத்திரிகைக்கு வாராவாரம் எழுதியவை என்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். ஆனால் 1906இல் வந்த ‘குன்றுகளும் கடலும்’ தொகுப்பில் ஒரு வயலில் புல் அறுப்பதைப் பற்றிய கட்டுரை இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. நீண்ட கைப்பிடி வைத்த அரிவாளை எப்படித் தீட்டுவது, கல்லும் இரும்பும் உரசும் ஓசை சரியான சுதிக்கு வந்ததை எப்படிக் காது கண்டுகொள்ளும், பனி ஈரம் காயும் முன்னால் ஏன் தொடங்க வேண்டும், புதிதாக அறுப்பவன் எங்கே தப்பு செய்வான், எல்லாம் அதில் இருக்கிறது. நடுவில் வேலை கேட்டு ஒருவர் வருகிறார். கூலி என்னவென்று இருவருக்குமே தெரியும். தெரிந்தும், மரியாதைக்காகச் சுற்றி வளைத்துப் பேரம் பேசுகிறார்கள். எந்தக் கிராமத்து மனிதருக்கும் அந்தப் பேச்சு உடனே புரியும். அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் நின்றவர்களுக்கு இந்தக் கட்டுரையை விளக்கவே தேவையில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். அவருடைய முதல் பெரிய வரலாற்று நூல் 1899இல் வந்த பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் டான்டனின் வாழ்க்கை வரலாறு. 1901இல் ரோபஸ்பியர். 1909இல் மரி அன்டோனெட். 1911இல் ‘பிரெஞ்சுப் புரட்சி’. பிறவிக் கத்தோலிக்கர் ஒருவர் புரட்சியின் பக்கம் நின்று எழுதுகிறார் என்பதே அன்றைக்கு வியப்பு. அந்தக் காலத்துக் கத்தோலிக்க வலதுசாரிகளுக்கு 1789 என்றாலே சாத்தானின் வேலை. பெல்லாக் அப்படிப் பார்க்கவில்லை. மக்களாட்சிக் கோட்பாட்டுக்கும் கத்தோலிக்கப் போதனைக்கும் அடிப்படையில் சண்டை கிடையாது என்பது அவர் வாதம். சண்டை வந்தது ஒரு குறிப்பிட்ட தவறால். 1790இல் புரட்சி அரசு குருக்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் அரசு ஊழியர்களாக மாற்றிச் சட்டம் போட்டது, பிறகு அதற்கு விசுவாசப் பிரமாணம் கேட்டது. மதம் எப்படியும் செத்துக்கொண்டிருக்கிறது என்று சட்டம் செய்தவர்கள் நம்பிவிட்டார்கள், நாட்டுப்புறத்தில் அது உயிரோடு இருப்பதைக் காணத் தவறிவிட்டார்கள் என்கிறார். இந்த அலசல் இன்று படித்தாலும் கூர்மையாக இருக்கிறது. இந்த நூல்களில் அவர் கட்சி கட்டிக்கொண்டு எழுதவில்லை. புரட்சியையும் நேசித்தார், திருச்சபையையும் நேசித்தார். இரண்டையும் நேசித்தவருக்கு இரண்டின் தவறுகளும் தெரிந்தன.

இதே காலத்தில் அரசியலிலும் இறங்கினார். 1906இல் தெற்கு சால்ஃபோர்டு தொகுதியில் லிபரல் வேட்பாளர். மதத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். முதல் கூட்டத்திலேயே சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்துக் காட்டி, முடிந்தவரை தினமும் பூசைக்குப் போகிறேன், இந்த மணிகளை உருட்டிச் செபிக்கிறேன், இதற்காக என்னை நிராகரித்தால் உங்கள் பிரதிநிதியாக இருக்கும் இழிவிலிருந்து காப்பாற்றியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வேன் என்றார். ஜெயித்தார். 1910 ஜனவரியில் மறுபடி ஜெயித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த தேர்தலில் நிற்கவே இல்லை. இரண்டு கட்சிகளின் தலைமையும் ஒரே பணக்கார வட்டம், வெளியே சண்டை, உள்ளே சம்பந்தம் என்ற கசப்போடு நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறினார்.

அந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான் 1912இல் வந்த ‘தி சர்வைல் ஸ்டேட்’ என்ற ‘அடிமை அரசு’. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய புத்தகம். அதன் வாதம் இப்படிப் போகிறது. பழைய ஐரோப்பா அடிமை முறையில் நின்றது. கிறிஸ்தவம் பரவிய நூற்றாண்டுகளில் அடிமை மெல்ல மெல்லப் பண்ணையாளாக மாறினான், பண்ணையாள் நிலம் உடைய உழவனாக மாறினான். நகரத்துக் கைவினைஞர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. பெரும்பாலான குடும்பங்களிடம் ஏதோ கொஞ்சம் சொத்து இருந்த சமூகம் உருவாகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் அதை உடைத்தது எட்டாம் ஹென்றியின் செயல். 1536 முதல் 1540 வரை மடங்களை மூடி அவற்றின் நிலங்களைப் பறித்தான் மன்னன். அவை சீக்கிரமே பெரிய குடும்பங்களின் கைக்குப் போயின. பின்னால் நீராவி எந்திரம் வந்தபோது அதை வாங்கும் பணம் ஏற்கெனவே சிலரிடம்தான் இருந்தது. ஆகவே முதலாளித்துவத்தைப் பெற்றது எந்திரம் என்று சொல்லக் கூடாது, அது அதற்கு முன்பே பிறந்துவிட்டது என்கிறார்.

வாக்குரிமை உண்டு, சொத்து இல்லை. அரசியலில் சுதந்திரம், வயிற்றுக்கு உத்தரவாதம் கிடையாது. இப்படிப்பட்ட சமூகம் நிலைக்காது, மூன்றில் ஒரு பக்கம் சாய்ந்தே தீரும் என்பது அடுத்த படி. சொத்தைப் பலருக்கும் பரவலாக்கலாம். எல்லாச் சொத்தையும் அரசிடம் ஒப்படைக்கலாம். அல்லது, சொத்து இல்லாதவர்கள் சொத்து உள்ளவர்களுக்கு உழைத்தே ஆக வேண்டும், அதற்குப் பதிலாக அவர்களுக்கு உணவும் பாதுகாப்பும் உறுதி என்று சட்டமே எழுதிவிடலாம். மூன்றாவதைத்தான் அடிமை அரசு என்றார். சோஷலிஸ்டுகள் இரண்டாவதை நோக்கி நடப்பதாக நினைத்துக்கொண்டு மூன்றாவதில் போய் விழுவார்கள் என்பது அவர் எச்சரிக்கை. 1911இல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்தை உதாரணம் காட்டினார். அது குடிமக்களை ‘முதலாளி’, ‘தொழிலாளி’ என்று சட்டத்தின் கண்ணில் இரண்டு வகையாகப் பிரித்து, தொழிலாளியின் கூலியிலிருந்து முதலாளியே கட்டாயமாகப் பிடித்துக் கட்டும்படி வைத்தது.

காப்பீட்டுச் சட்டத்தை அவர் பார்த்த விதம் எனக்கு உடன்பாடில்லை. நோயில் படுத்தவருக்கு மருந்து கிடைத்தது சின்ன விஷயம் அல்ல. மத்தியகாலத்து உழவர் வாழ்வை அவர் மெழுகிப் பளபளப்பாக்கியிருக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் கேள்வி வலுவான கேள்வி: பாதுகாப்புக்காக ஒரு மனிதன் எதை விலையாகக் கொடுக்கிறான்? பொருளியலாளர் ஹயெக் தன் ‘அடிமைத்தனத்துக்குப் போகும் பாதை’ நூலில், உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது மனித வாழ்க்கையையே கட்டுப்படுத்துவதாகும் என்ற பெல்லாக்கின் வரியை ஓர் அத்தியாயத்துக்குத் தலைவரியாக வைத்தார். சோஷலிஸ்டான ஜார்ஜ் ஆர்வெல்லும் இந்த நூலின் முன்னறிவை மதித்து எழுதினார். எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவர் ஒரே புத்தகத்தைக் கையில் எடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெல்லாக் சொன்ன முதல் வழி, அதாவது சொத்தைப் பரவலாக்குவது, பிறகு அவரும் எழுத்தாள நண்பர் செஸ்டர்டனும் சேர்ந்து முன்னெடுத்த பகிர்வுப் பொருளாதார இயக்கமானது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடல்தான் அதன் வேர். இந்த இருவரையும் ஒரே மிருகமாக்கி ‘செஸ்டர்பெல்லாக்’ என்று பெயர் சூட்டியவர் பெர்னார்ட் ஷா.

மடங்கள் மூடப்பட்ட இந்தக் கதை பெல்லாக்கின் மொத்த வரலாற்றுப் பார்வைக்கும் அச்சாணி. அன்றைய ஆங்கிலப் பள்ளிகளில் கற்பித்த வரலாறு, வரலாற்றாசிரியர் மெக்காலேயின் பாணியிலானது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம், நாடாளுமன்றம், வணிகம், சுதந்திரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படியேறி ஒளிக்கு வந்த இங்கிலாந்தின் கதை அது. கத்தோலிக்கர்கள் அதில் இருட்டின் மிச்சம். இந்தக் கதையைக் கவிழ்ப்பதையே பெல்லாக் பிழைப்பாக வைத்துக்கொண்டார். நான்கு தொகுதி ‘இங்கிலாந்து வரலாறு’, ‘சீர்திருத்தம் எப்படி நடந்தது’, அப்புறம் உல்சி, கிரான்மர், முதலாம் சார்லஸ், கிராம்வெல், மில்டன், இரண்டாம் ஜேம்ஸ் என்று வாழ்க்கை வரலாறுகள். மதம் மாற மக்கள் துடிக்கவில்லை, மேலே இருந்த சிலரின் நில ஆசைதான் மாற்றத்தைத் தள்ளிக்கொண்டு போனது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதில் எவ்வளவு தேறும்? எதிர்பார்த்ததைவிட அதிகம். 1992இல் வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி ‘தி ஸ்ட்ரிப்பிங் ஆஃப் தி ஆல்டர்ஸ்’ என்ற தடித்த நூலை வெளியிட்டார். கோயில் கணக்குப் புத்தகங்கள், உயில்கள், செபப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஊர் ஊராக அலசி, சீர்திருத்தத்துக்கு முந்தைய ஆங்கிலக் கத்தோலிக்கம் மக்களிடம் செழிப்பாகவே இருந்தது, அது மேலிருந்து கலைக்கப்பட்டது என்று காட்டினார். பெல்லாக் உள்ளுணர்வால் பிடித்ததை டஃபி ஆவணங்களால் நிறுவினார். ஆனால் பெல்லாக் ஏன் அதை நிறுவவில்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஜி. ஜி. கூல்டன் அவருடைய பிழைகளைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தினார். பெல்லாக் திருத்திக்கொள்வதைவிடத் திருப்பி அடிப்பதையே விரும்பினார். அடிக்குறிப்பு இல்லாத வரலாறு வாசகனிடம் முழு நம்பிக்கையைக் கேட்கிறது. அந்த நம்பிக்கைக்கு உரியவராக எல்லா இடத்திலும் அவர் நடந்துகொள்ளவில்லை.

ஓர் உதாரணம் போதும். ரோமானிய ஆட்சி போன பிறகு வட கடல் தாண்டி வந்த ஆங்கிலோ சாக்சன் குடியேற்றம் என்பது கைப்பிடி அளவு கடற்கொள்ளையர் விவகாரம், பிரிட்டன் ரோமானிய மக்களாகவே தொடர்ந்தது என்று சாதித்தார். இங்கிலாந்து ரோமின் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தேவைப்பட்டது. 2022இல் பழைய எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்காலத்தில் வாழ்ந்தோரின் மூதாதை மரபில் 76 சதவீதம் வரை வட கடல் கரையோர ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று கண்டார்கள்.

எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸோடு நடந்த சண்டையும் இப்படித்தான். வெல்ஸின் உலக வரலாற்றுச் சுருக்கத்தில் ஏசுவுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு, பரிணாம ஏணியில் மனிதன் ஏறிக்கொண்டே இருக்கிறான் என்ற நம்பிக்கை மிக அதிகம் என்று பெல்லாக் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1926இல் வெல்ஸ் ‘திரு. பெல்லாக் ஆட்சேபிக்கிறார்’ என்று ஒரு நூல் போட, பெல்லாக் ‘திரு. பெல்லாக் இன்னும் ஆட்சேபிக்கிறார்’ என்று பதில் நூல் போட்டார். வெல்ஸின் வரலாறு ஒரு மதப்பிரசங்கம் என்று கண்டுபிடித்ததில் பெல்லாக் சரி. உயிரியலில் அவர் வைத்த வாதங்கள் அன்றைக்கே பழசு.

அவருடைய மிகப் பிரபலமான வாக்கியம் 1920இல் வந்த ‘ஐரோப்பாவும் விசுவாசமும்’ நூலின் கடைசியில் இருக்கிறது. விசுவாசம்தான் ஐரோப்பா, ஐரோப்பாதான் விசுவாசம் என்கிறார். இந்தியாவில் கிறிஸ்தவராகப் பிறந்து இதைப் படிக்கும் எவருக்கும் சுருக்கென்று இருக்கும். ஆங்கிலேயரிடம் மறைபரப்ப ரோமிலிருந்து வந்த கேன்டர்பரியின் அகுஸ்தின் கென்ட் கரையில் இறங்கியது 597இல். அதற்கு வெகுகாலம் முன்பே ஆர்மீனியாவிலும் எத்தியோப்பியாவிலும் அரசர்கள் திருமுழுக்குப் பெற்றுவிட்டார்கள், சிரியாவில் சீரியாக் மொழியில் இறையியல் பாடல்களே பிறந்துவிட்டன. மயிலாப்பூரில் தோமையாரைக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு ஐரோப்பா நடுவழியில் வந்த உறவு மட்டுமே. பெல்லாக்குக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். பின்னாளில் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபை ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது என்று தான் சொல்லவில்லை, வருங்காலத்தில் அதன் பெரும்பகுதி ஆப்பிரிக்கர்களும் ஆசியர்களுமாக இருக்கலாம் என்று விளக்கினார். விளக்கம் நூலைவிட நன்றாக இருக்கிறது. இன்றைய நிலைமைக்கும் அது பொருந்துகிறது.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. 1922இல் ‘யூதர்கள்’ என்று ஒரு நூல் எழுதினார். யூதர்கள் எந்த நாட்டிலும் அந்நியமாகவே இருப்பவர்கள், அதனால் அவர்களைத் தனி இனமாக அறிவித்து நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு முன்னோட்டமாக 1912இல் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி நிறுவனத்தைச் சுற்றிய பங்கு ஊழல் சர்ச்சை. அமைச்சர்கள் பங்கு வாங்கியது உண்மையாகவே கேள்விக்குரியது. ஆனால் பெல்லாக் தொடங்கிய பத்திரிகையின் வட்டாரம் அதை யூதர்கள் மேலான தாக்குதலாக மாற்றியது. பிரான்சில் யூத ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ்மேல் தேசத்துரோகம் சுமத்திய வழக்கிலும், அவர் நிரபராதி என்று நீதிமன்றமே அறிவித்த பிறகும், பெல்லாக் ஏற்கவில்லை. நாஜிகளின் கொடுமையை அவர் கண்டித்தார், வெறுப்பு வளர்ந்தால் பேரழிவு வரும் என்று முன்கூட்டியே எழுதினார், யூத நண்பர்களும் அவருக்கு இருந்தார்கள். இவற்றைச் சொல்லி அவரைக் காப்பாற்ற முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அண்டை வீட்டுக்காரனைப் ‘பிரச்சினை’ என்று பெயரிட்டுத் தொடங்கும் புத்தகம் எந்த நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டாலும் தவறான புத்தகம். முசோலினியைச் சந்தித்துவிட்டு வந்து அவர் எழுதிய புகழ்ச்சியும் அப்படியே.

அவர் மனம் எங்கே இறுகியது என்று யோசித்தால் 1914 நினைவுக்கு வருகிறது. மனைவி எலோடி கலிபோர்னியாக்காரர். அவரைப் பெண் கேட்கவே இளம் பெல்லாக் அமெரிக்காவின் பெரும்பகுதியைக் கால்நடையாகக் கடந்து, படம் வரைந்து விற்றுப் படுக்க இடம் தேடிப் போனார். 1896இல் திருமணம். 1914 பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாளன்று எலோடி இறந்தார். அன்றிலிருந்து பெல்லாக் கறுப்பு உடையைக் கழற்றவில்லை. ஷிப்லி கிராமத்து வீட்டில் எலோடியின் அறையைப் பூட்டிவிட்டு, அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் அதன்மேல் சிலுவை வரைவார். மூத்த மகன் லூயி 1918இல் விமானப்படையில் பறந்து போய்த் திரும்பவில்லை. இன்னொரு மகன் பீட்டர் 1941இல், அடுத்த போரில் படைப்பணியில் இருந்தபோது இறந்தார். 1914க்குப் பிறகு வந்த நூல்களில் சிரிப்பு குறைந்து குரல் உயர்வதைக் கவனிக்கலாம்.

விதிவிலக்கு 1925இல் வந்த ‘நோனாவின் பயணம்’. நோனா அவருடைய பழைய பாய்மரப் படகு. மனைவி போன சில மாதங்களில் அதில் ஏறி வேல்ஸ் கரையிலிருந்து தென்முனையைச் சுற்றி சசெக்ஸ் வரை வந்தார். 1914 ஜூலைக் கடைசியில், காலை மூடுபனிக்குள் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வரிசையாகக் கிழக்கே போவதைக் கண்டார். போர் வந்துவிட்டது என்று அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கங்களில் மறுபடியும் உண்டர்வெலியே வாசலில் நின்ற அதே மனிதர் தெரிகிறார். இளமையில் கர்தினால் மேனிங் தன்னிடம், மனிதரின் சண்டைகள் எல்லாமே அடியில் இறையியல் சண்டைகள்தான் என்று சொன்னதையும், அது புரிய வெகுகாலம் ஆனதையும் அதில்தான் எழுதுகிறார்.

1942இல் பக்கவாதம் வந்தது, எழுத்து நின்றது. 1953 ஜூலையில் வீட்டுக் கணப்பருகே விழுந்து தீக்காயம் பட்டு, 16ஆம் தேதி கில்ட்ஃபோர்டில் காலமானார். வெஸ்ட் கிரின்ஸ்டெட் மாதா கோயிலில் குடும்பத்தோடு அடக்கம் செய்யப்பட்டார். பாவங்கள் செக்கச் சிவப்பாக இருந்தாலும் புத்தகங்களைப் படித்தார்கள் என்று தன்னைப் பற்றிச் சொன்னால் போதும் என்று ஒரு கவிதையில் கேட்டிருந்தார்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்ததால் 2014 முதல் இங்கே அவர் நூல்களுக்குப் பதிப்புரிமை இல்லை. பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, யாரும் மொழிபெயர்க்கலாம். முதலில் ரோமுக்குப் போகும் பாதை. அதன் பிறகு புல் அறுக்கும் கட்டுரை. அப்புறம் ‘அடிமை அரசு’, அதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிரெஞ்சுப் புரட்சி நூலையும் படியுங்கள். சீர்திருத்தம் பற்றிய நூல்களை டஃபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ‘நான்கு பேர்’ என்ற நூலை மட்டும் அக்டோபர்க் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 1902ஆம் ஆண்டு அக்டோபர் 29 முதல் நவம்பர் 2 வரை, ஒரே மனிதரின் நான்கு பக்கங்கள் போன்ற நான்கு பேர் சசெக்ஸைக் குறுக்கே நடந்து கடக்கும் கதை அது. கல்லறைத் திருநாளன்று மூவர் விடைபெற்றுப் போய்விட, மிச்சமிருப்பவர் தன் ஊரைப் பார்க்கத் தனியாக நடக்கத் தொடங்குகிறார்.